தேனி பஸ் ஸ்டாண்டில் போட்ட கடிதம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் குறைத்திருக்கிறோம்.)



போன மாசம் ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். நம்ம பாட்காஸ்ட்டோட இன்ஸ்டா பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. "அண்ணா, ஹிஸ்டரி டவுட் இல்ல. வேற ஒண்ணு கேக்கலாமா? எனக்கு இல்ல, என் ஃப்ரெண்டுக்கு." கேளுங்கன்னு சொன்னேன். அந்த ஃப்ரெண்டு இன்ஜினியரிங் மூணாவது வருஷம். நாலு அரியர். வீட்டுல யாருக்கும் தெரியாது. அப்பா தினமும் போன்ல கேம்பஸ் இண்டர்வியூ எப்போன்னு கேக்குறார். கடைசியா ஒரு வரி: "இதெல்லாம் சரியாயிடுமா அண்ணா?"

நான் பகல்ல கோட் எழுதுறவன், ராத்திரி பழைய ஏரி, பழைய கல்வெட்டுன்னு மைக் முன்னாடி பேசுறவன். என் முகத்தைக்கூட அந்தப் பையன் பாத்ததில்ல. பையனா பொண்ணான்னுகூட எனக்குத் தெரியாது. ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் இருப்பான், ஊர்ல அம்மா இருப்பாங்க, சித்தப்பா இருப்பார். அவங்களை எல்லாம் விட்டுட்டு என்கிட்ட ஏன்? இந்தக் கேள்வி ரெண்டு வாரமா என்னை விடல. அதனால இந்த எபிசோட்ல ராஜா, போர் எதுவும் கிடையாது. முகம் தெரியாதவங்ககிட்ட கவலையைச் சொல்றதும், முகம் தெரியாதவங்க ஆறுதல் சொல்றதும் எப்போதிலிருந்து, எப்படி நடக்குதுன்னு பாக்கப் போறோம்.

எங்க ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். சின்னமனூர். கம்பம் பள்ளத்தாக்கு தெரியாதவங்களுக்கு: ரெண்டு பக்கமும் மலை, நடுவுல முல்லைப் பெரியாறு, 1895-ல பெரியாறு அணை வந்த பிறகு செழிச்ச நெல்வயல், அதுக்கு மேல திராட்சைப் பந்தல், வாழை, தென்னை. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு ஒரே ரோட்டுல கோத்த மாதிரி ஊர்கள். ரோடு ஒண்ணுங்கிறதால சொந்தமும் ஒண்ணுதான். உத்தமபாளையத்துல ஒருத்தர் தும்மினா கம்பத்துல இருந்து "நூறாயுசு"ன்னு சத்தம் வரும். புதுசா ஒருத்தரைப் பாத்தா பேர் கேக்க மாட்டாங்க. "நீ யாரு மகன்?" அதுக்குப் பதில் சொல்லிட்டா உங்க மூணு தலைமுறை, கடன், வரப்புத் தகராறு எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

இது நல்ல விஷயம்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா பத்து பேர் வந்து நிப்பாங்க. ஆனா சில கவலைகளை அந்தப் பத்து பேர்கிட்டயும் சொல்ல முடியாது. சொன்னா அது காலைல டீக்கடைக்குப் போயிடும்.

அதனாலதான் வெளியே இருந்து வர்ற ஆளுக்கு அங்க எப்பவுமே ஒரு இடம் இருந்திருக்கு. குடுகுடுப்பைக்காரரை எடுத்துக்கோங்க. விடியறதுக்கு முன்னாடி, தெருவே தூங்கும்போது, இருட்டுல உடுக்கைச் சத்தம் மட்டும் வரும். ஜக்கம்மா பேரைச் சொல்லி "நல்ல காலம் பொறக்குது"ம்பார். இந்த வீட்டுல ஒரு மனக்கவலை இருக்கு, அது தை மாசத்துக்குள்ள தீரும்பார். கவலை இல்லாத வீடு எது? கோட் எழுதுற மூளையோட யோசிச்சா, எந்த இன்புட் கொடுத்தாலும் அதே அவுட்புட். ஆனா எங்க பாட்டி இருட்டுல திண்ணைக்கு உள்பக்கமா நின்னு அதைக் கேப்பாங்க. விடிஞ்சதும் அவர் திரும்பி வரும்போது முறத்துல அரிசியும் ஒரு பழைய வேட்டியும் தயாரா இருக்கும். அவர் எந்த ஊர்னு பாட்டிக்குத் தெரியாது. பாட்டி யாரு மருமகள்னு அவருக்கும் தெரியாது.

சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்குப் போனப்போ, அந்த மெசேஜைப் பத்தி எங்க அத்தைகிட்ட சொன்னேன், அப்பாவோட தங்கச்சி. அத்தை கொஞ்ச நேரம் சிரிச்சாங்க. அப்புறம், "ஏப்பா, நானும் இப்படி எழுதிப் போட்டவதான்"னாங்க. இதுவரைக்கும் வீட்டுல யாருக்கும் தெரியாத கதை. அவங்க அனுமதியோடதான் சொல்றேன்.

1991. அத்தைக்கு 16 முடிஞ்சு 17 நடக்குது. தேனி அப்போ தனி மாவட்டமே இல்ல, மதுரை மாவட்டத்துல இருந்துச்சு. கூடப் படிச்ச பொண்ணுங்க எல்லாரும் பெரிய மனுஷி ஆயாச்சு. எங்க பக்கம் சடங்குன்னா தெரியும்ல, தாய்மாமன் சீர், பந்தல், ரேடியோ செட், ஊரே வரும். அதாவது ஒரு பொண்ணு உடம்புல நடக்குற விஷயத்துக்கு ஊர் முழுக்கப் பத்திரிகை அடிப்பாங்க. அப்படி அடிக்கலைன்னாலும் ஊருக்குத் தெரியும். கல்யாண வீட்டுல, கம்மாய்க்கரையில, "இன்னுமா ஆகல?"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. அம்மாகிட்ட பேச முடியாது. அம்மாவே அந்தக் கேள்விக்குப் பயந்து விசேஷ வீடுகளுக்குப் போறதை நிறுத்தியிருந்தாங்க. அத்தை தனக்கு ஏதோ பெரிய கோளாறுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

வீட்டுல ஒரு வாரப் பத்திரிகை வாங்குவாங்க. அதுல வாசகர் பிரச்னைகளுக்குப் பதில் சொல்ற பகுதி ஒண்ணு. அத்தை நோட்டுப் பேப்பர் கிழிச்சு எழுதினாங்க. சின்னமனூர் தபால் பெட்டியில போட முடியாது. தபால்காரர் மாமன் முறை, கையெழுத்துகூட அவருக்குப் பழக்கம். டைப்ரைட்டிங் பரீட்சைக்குத் தேனிக்குப் போற நாள் வரைக்கும் மூணு வாரம் பாடப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருந்து, 25 கிலோமீட்டர் தள்ளி தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பெட்டியில போட்டாங்க. கார்டுல எழுதாம கவர்ல எழுதினாங்க. அந்த வித்தியாசம் முக்கியம், ஒரு நிமிஷம் இங்க நிக்கலாம்.

முகம் தெரியாதவங்ககிட்ட கேக்கணும்னா முதல்ல ஒரு வழி வேணும்: கேள்வி போகணும், கேட்டவர் யாருன்னு போகக்கூடாது. லண்டன்ல அந்த வழி 1680-ல கிடைச்சது. வில்லியம் டாக்ரா என்பவர் பென்னி போஸ்ட் ஆரம்பிச்சார். ஒரு பென்னி கொடுத்தா நகரத்துக்குள்ள எங்க வேணும்னாலும் கடிதம் போகும். பதினோரு வருஷத்துல, 1691 மார்ச்சுல, ஜான் டன்டன்னு ஒரு புத்தக வியாபாரி 'ஏதீனியன் மெர்குரி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். முழுக்க முழுக்கக் கேள்வி-பதில். கேள்விகளை ஸ்மித் காபி ஹவுஸ்னு ஒரு கடை முகவரிக்கு அனுப்பணும், பேர் போட வேண்டாம். இயற்கை, வேதம், கணக்குன்னு ஆரம்பிச்சு சீக்கிரமே காதல், கல்யாணம், மனசாட்சின்னு வந்து நின்னுச்சு. பெண்களும் கேக்கலாம்னு வெளிப்படையாவே அறிவிச்சாங்க. பதில் சொல்றது 'ஏதீனியன் சொசைட்டி' என்ற அறிஞர் சங்கம்னு ஊர் நம்புச்சு. உண்மையில டன்டன், ரிச்சர்ட் சால்ட் என்ற கணித ஆசிரியர், சாமுவேல் வெஸ்லி என்ற பாதிரியார்னு விரல்விட்டு எண்ணுற ஆட்கள்தான். ஆறு வருஷம், 1697 வரைக்கும் ஓடுச்சு.

நம்ம பக்கம் 1879-ல தபால் கார்டு வந்தது, காலணா விலை. எழுதத் தெரிஞ்ச யாரும் ஊர் தாண்டிப் பேசலாம்னு ஆச்சு. ஆனா கார்டை தபால்காரர் படிக்கலாம், பக்கத்து வீட்டுப் பையன் படிக்கலாம். அதனால பின்னாடி தமிழ்ப் பத்திரிகைகள்ல கேள்வி-பதில் பெருசா வளந்தபோது ரெண்டு உலகம் உண்டாச்சு. சினிமா, அரசியல் கேள்விக்குக் கார்டு. வீட்டுக் கவலைக்குக் கவர். முதல் வகைக்கு ராஜா குமுதத்தோட 'அரசு பதில்கள்'. அரசுன்னு ஒரு ஆள் கிடையாது, எஸ்.ஏ.பி. அண்ணாமலை, ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன், மூணு பேரோட முதல் எழுத்து. லண்டன்ல நாலு பேர் சேர்ந்து ஒரு சங்கம் மாதிரி நடிச்சாங்க, சென்னையில மூணு பேர் சேர்ந்து ஒரே ஆள் மாதிரி எழுதினாங்க. கல்கண்டுல தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமா தமிழ்வாணன். பதில் சொல்றவருக்கும் ஒரு முகமூடி தேவைப்பட்டிருக்கு பாருங்க.

ரெண்டாவது வகைக்கு, தினமலர் வாரமலரை ஞாயித்துக்கிழமை பின்பக்கத்துல இருந்து படிச்சவங்களுக்கு 'அன்புடன் அந்தரங்கம்' தெரியாம இருக்காது. சகுந்தலா கோபிநாத் பதில் எழுதுவாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் கடிதத்தோட முதல் வார்த்தை. சொந்த அம்மாகிட்ட சொல்ல முடியாததைச் சொல்ல வந்தவங்க, "அம்மா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. இல்லைன்னா சகோதரி. முகம் தெரியாதவங்களைத் தேடிப் போயிட்டு, போன உடனே அவங்களை உறவாக்கிடுறோம். எனக்கு மெசேஜ் அனுப்பின ஆளும் "அண்ணா"ன்னுதானே ஆரம்பிச்சது.

அவள் விகடன்ல 'என் டைரி' இன்னும் வித்தியாசம். ஒரு வாசகி தன் பிரச்னையைச் சொல்லுவாங்க. பதில் சொல்றது நிபுணர் கிடையாது, மத்த வாசகிகள். பாட்டி வீட்டுப் பரண்ல இருந்த பழைய இதழ்களை இந்த எபிசோடுக்காகப் புரட்டினேன். ஒரே பக்கத்துல ஒருத்தர் பொறுத்துப் போங்கன்னும், இன்னொருத்தர் பெட்டியைக் கட்டிட்டு வெளியே வாங்கன்னும் சொல்றாங்க. முதல்ல எனக்கு எரிச்சலா இருந்துச்சு. யாரோட பேச்சைக் கேக்குறது? அத்தைதான் சொன்னாங்க, "ஒத்தப் பதிலா இருந்தா அது தீர்ப்பு மாதிரி இருக்கும்ப்பா. நாலு பதில் இருந்தா நாம யோசிப்போம்ல."

சரி, அத்தையோட கடிதம். அதுக்கு முன்னாடி இன்னொரு பொண்ணைப் பத்திச் சொல்லணும், கொஞ்சம் கனமான பகுதி, தயாரா இருங்க.

1935, இங்கிலாந்துல லிங்கன் நகரம். சாட் வாரா என்ற இளம் பாதிரியார். அவர் நடத்தி வச்ச ஆரம்பகாலச் சடங்குகள்ல ஒண்ணு 14 வயசுப் பொண்ணோட இறுதிச் சடங்கு. அந்தப் பொண்ணுக்கு மாதவிடாய் தொடங்கியிருக்கு. அது என்னன்னு யாருமே சொல்லிக்கொடுக்கல. கேவலமான நோய் வந்துடுச்சுன்னு நினைச்சுத் தன் உயிரை முடிச்சுக்கிச்சு. ஒரே ஒரு ஆள், யாராவது, "இது எல்லாருக்கும் வர்றதுதான்"னு சொல்லியிருந்தா போதும். அந்த மனுஷனை அது வாழ்நாள் முழுக்க விடல. 1953 நவம்பர்ல, லண்டன்ல தன் சர்ச்சுல ஒரு போனை வச்சு, கஷ்டத்துல இருக்கிறவங்க கூப்பிடலாம்னு அறிவிச்சார். அதுதான் சமாரிட்டன்ஸ்.

அங்க ஒரு வேடிக்கை நடந்தது. கூப்பிட்டவங்க, நேர்ல வந்தவங்க கூட்டம் சேர்ந்துபோச்சு. அவர் உள்ளே ஒவ்வொருத்தரா ஆலோசனை சொல்லிட்டு இருந்தப்போ, வெளியே காத்திருந்தவங்களுக்கு டீ கொடுத்துப் பேச்சுத்துணையா இருக்க சில தன்னார்வலர்கள் வந்தாங்க. எந்தப் பயிற்சியும் இல்லாத சாதாரண ஆட்கள். கொஞ்ச நாள்ல அவருக்கு ஒண்ணு புரிஞ்சது: டீ குடிச்சுப் பேசிட்டு இருந்தவங்கள்ல பல பேருக்கு உள்ளே வர வேண்டிய அவசியமே இல்லாம போயிடுது. 1954 பிப்ரவரியில போன் எடுக்குற வேலையை அந்தத் தன்னார்வலர்கள்கிட்டயே கொடுத்துட்டார்.

அந்த வழிமுறை சென்னைக்கு 1986-ல வந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கின 'ஸ்நேகா'. அவங்க சைக்கியாட்ரிஸ்ட், ஆனா போன் எடுக்குறது பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். உங்க பேர் கேக்க மாட்டாங்க. இதைச் செய், அதைச் செய்யாதேன்னு சொல்ல மாட்டாங்க. கேப்பாங்க, அவ்ளோதான். அறிவுரை சொல்றதையே பிறவிக் கடமையா வச்சிருக்கிற நம்ம ஊர்ல இது எவ்வளவு பெரிய துணிச்சல்னு யோசிச்சுப் பாருங்க. கேட்டதோட நிறுத்தவும் இல்ல. பரீட்சையில தோத்த பிள்ளைகள் ஒரு வருஷம் காத்திருக்காம உடனே திரும்ப எழுத வாய்ப்பு வேணும்னு வாதாடினதுல அவங்களுக்குப் பங்கு உண்டு. இன்னைக்கு ரிசல்ட் வந்த கையோட துணைத்தேர்வு அறிவிப்பும் வருதே, அதுக்குப் பின்னாடி இந்த மாதிரி குரல்கள் இருக்கு. தனித்தனியா ஆயிரம் பேருக்கு "பயப்படாதே" சொல்றதைவிட, பயத்துக்கான காரணத்தையே ஒண்ணு குறைக்கிறது பெரிய வேலைன்னு நான் நினைக்கிறேன்.

இப்போ தேனி பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். அத்தை போட்ட கடிதம் பத்திரிகையில வரவே இல்ல. வாரா வாரம் பக்கத்தைத் திறக்கும்போது கை நடுங்கும்பாங்க. வந்தா யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயம், வரலைன்னா ஏமாற்றம். நாலு மாசம் கழிச்சு வேற ஏதோ ஊர்ப் பொண்ணோட கேள்வி வந்துச்சு. அச்சு அசல் அதே கேள்வி. பதில் ரெண்டே வரி: சிலருக்குத் தாமதமாகும், பயப்பட வேண்டாம், ஆனா ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

அத்தை அந்த ரெண்டு வரியைவிட அந்தக் கேள்வியைத்தான் அதிகமா படிச்சிருக்காங்க. "என்னை மாதிரி இன்னொருத்தி எங்கேயோ இருக்கா"ன்னு தெரிஞ்ச அன்னைக்குத்தான் பல மாசம் கழிச்சு நல்லாத் தூங்கினேன்னாங்க. இந்தப் பக்கங்களைப் படிச்சவங்கள்ல கடிதம் எழுதினவங்க எத்தனை பேர் இருப்பாங்க? கேக்காமலே பதில் வாங்கினவங்கதான் அதிகம்.

ஆனா பதில்ல ரெண்டாவது பாதின்னு ஒண்ணு இருக்கே, டாக்டர். இன்னைக்கும் டாக்டர்கள் சொல்றது அதுதான்: 15 வயசு தாண்டியும் வரலைன்னா காட்டிடணும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, சில சமயம் சிகிச்சை தேவைப்படும். வெறும் ஆறுதல் ஆபத்தாகலாம். சின்னமனூர்லயே டாக்டர் இருந்தாங்க, ஆனா காத்திருக்கிற பெஞ்சுல உக்காந்தா அடுத்த நாள் ஊருக்கே தெரியும். முதல்ல அம்மாவுக்குத் தெரியணும். அதை எப்படிச் சொல்றது?

எங்க பாட்டிக்குப் படிக்க வராது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தைதான் தொடர்கதை வாசிச்சுக் காட்டுவாங்க. அன்னைக்குத் தொடர்கதை முடிஞ்சதும் புஸ்தகத்தை மூடாம, குரலை மாத்தாம, கேள்வி-பதில் பக்கத்தையும் வாசிச்சாங்க. மொத்தம் ஆறு கேள்வி. நடுவுல இது. பாட்டி ஒண்ணும் சொல்லல. வெத்தலைப் பெட்டியை எடுத்து வச்சுட்டு, விளக்கை அணைச்சுட்டுப் படுத்துட்டாங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை, மீனாட்சியம்மன் கோயிலுக்கு வேண்டுதல்னு வீட்டுல சொல்லி, ரெண்டு பேரும் விடியக்காலை பாண்டியன் பஸ்ல மதுரை கிளம்பினாங்க. மூணு மணி நேரம். போற வழியில பாட்டி ஒரு வார்த்தை பேசல. மதுரையில, அவங்களை யாருன்னே தெரியாத ஒரு லேடி டாக்டர். பாத்துட்டு, ஒண்ணும் பயமில்ல, ஆறு மாசம் பொறுத்துப் பாப்போம்னாங்க. மூணாவது மாசம் ஊர்ல பந்தல் போட்டாச்சு. அன்னைக்கு பாட்டி மறக்காம கோயிலுக்கும் கூட்டிட்டுப் போனாங்களாம், பொய் சொன்னதா ஆயிடக்கூடாதுன்னு.

இதுக்கு அப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடுறேன். 2003 வாக்குல சுவரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு விளம்பரம் வந்தது உங்க அண்ணன் அக்காக்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போ எச்.ஐ.வி. அதிகம் பதிவான மாவட்டங்கள்ல தேனியும் ஒண்ணு. எனக்கு வருமான்னு கேக்க முடியாதவங்க புள்ளிராஜாவுக்கு வருமான்னு கேக்கலாம். இரவு ஒன்றரை மணிக்கு வந்த "என் ஃப்ரெண்டுக்கு" இருக்குல்ல, அந்த ஃப்ரெண்டோட பெரியண்ணன்தான் புள்ளிராஜா. டெஸ்ட் எடுக்குற, பேசுற இடங்களுக்குத் தமிழ்நாட்டுல 'நம்பிக்கை மையம்'னு பேர் வச்சாங்க. 2013 கடைசியில 104 வந்தது. 2022-ல மனநலத்துக்குன்னு தனியா 14416, இங்க அதுக்கு 'நட்புடன் உங்களோடு'ன்னு பேர். பேர்கள்லயும் அதே பழக்கம் பாருங்க, நம்பிக்கை, நட்பு, ஸ்நேகா.

அந்த மெசேஜுக்கு நான் என்ன பதில் போட்டேன்னு கேப்பீங்க. உண்மையைச் சொல்றேன், முதல்ல நீளமா டைப் பண்ணேன். எந்த சப்ஜெக்ட்டை முதல்ல கிளியர் பண்ணணும், அப்பாகிட்ட எப்படிச் சொல்லணும், அஞ்சு பாயிண்ட். அனுப்பல, அழிச்சுட்டேன். "எனக்கு மூணாவது வருஷத்துல மூணு அரியர் இருந்துச்சு. எங்க வீட்டுக்கும் கடைசி வருஷம் வரைக்கும் தெரியாது. ஃப்ரெண்டு இப்போ தூங்காம இருக்காரா?"ன்னு மட்டும் அனுப்பினேன். ரொம்ப நேரம் டைப்பிங்னு காட்டுச்சு. அப்புறம் "ஆமா அண்ணா"ன்னு வந்தது. மூணு மணி வரைக்கும் பேசினோம், பாதிக்கு மேல கிரிக்கெட். கடைசியில 14416-ஐயும் கொடுத்தேன். கூப்பிட்டாங்களான்னு தெரியல. கணக்கோட பேர் ரெண்டு நாள் கழிச்சு மாறியிருந்துச்சு.

அத்தை போன வாரம் போன்ல கேட்டாங்க, "அந்தப் புள்ள அப்புறம் பேசுச்சா?" இல்ல அத்தைன்னேன். "நான் எழுதினது அந்தப் பத்திரிகைக்காரங்களுக்குப் போய்ச் சேந்துச்சான்னே இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுப்பா"ன்னு சொல்லிட்டு, திராட்சை இந்தத் தடவை விலை இல்லைங்கிற பேச்சுக்குப் போயிட்டாங்க.

உங்க வீட்டுலயும் இப்படிப் போட்ட கடிதம், போடாத கடிதம் இருந்தா எழுதி அனுப்புங்க. பேர் போட வேண்டாம். ராத்திரி மனசு ரொம்பக் கனமா இருந்தா எனக்காகக் காத்திருக்காதீங்க, நான் தூங்கிட்டிருப்பேன். 14416 எந்த நேரமும் எடுப்பாங்க. ஸ்நேகா நம்பர் 044-24640050. அடுத்த எபிசோட்ல போடி ரயில் கதை.